ஸ்பிதி: அப்பா அம்மாவோடு லாங்சாவில் ஹோம்ஸ்டே, எந்த வழியாகப் போவது?

தெற்குக்காற்று:
வணக்கம். செப்டம்பர் நடுவில் நாங்கள் நான்கு பேர் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகிறோம். அப்பாவுக்கு 63 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு முட்டி வலி. மலையில் மொத்தம் 10 இரவு. மணாலியிலிருந்து ஒரே நாளில் ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா, மறுநாளே அதற்கு மேலே உள்ள லாங்சா கிராமத்தில் ஒரு வீட்டில் மூன்று இரவு, பிறகு கல்பா, சிம்லா வழியாக இறங்குவது என்று போட்டிருக்கிறோம். சரியாக வருமா? அந்த வீடுகளில் சாப்பாடு, கழிப்பறை எப்படி இருக்கும்?

நெடுவழி:
பயணத்தை அப்படியே திருப்பிப் போடுங்கள். மணாலி சுமார் 2,000 மீட்டர். அன்றைக்கே 4,500 மீட்டருக்கு மேலுள்ள குன்சும் கணவாயைத் தாண்டி, 3,600-க்கு மேலுள்ள காசாவில் படுத்து, மறுநாள் 4,400 மீட்டர் லாங்சாவில் தூங்கினால் உடம்புக்குப் பழக நேரமே இல்லை. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் முதல் இரவிலேயே தொடங்கிவிடலாம். 3,000 மீட்டருக்கு மேலே போனபின், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

சிம்லா 1, கல்பா (2,960 மீ) 2, தாபோ (3,280 மீ) 2, காசா 2, லாங்சா 2, கடைசியில் மணாலி 1. பத்து இரவும் சரியாகிவிடும். காசாவிலிருந்து லாங்சாவுக்கு ஏற்றம் 500-ஐத் தாண்டும் என்பதால், காசாவில் இருக்கும் இரண்டாம் நாள் லாங்சா, ஹிக்கிம், கோமிக் மூன்று கிராமங்களையும் பகலில் சுற்றிவிட்டு இரவு கீழே வந்து தூங்குங்கள். அன்று அப்பாவுக்குத் தலைவலி வந்தால் லாங்சா இரவுகளை விட்டுவிட்டு காசாவிலேயே இருங்கள். தாபோவில் 2 இரவு வீணில்லை. கி.பி. 996-இல் எழுந்த மடாலயம் அது. மண்சுவர்க் கட்டடம், உள்ளே இருட்டு, சுவர் முழுக்க ஓவியம். நிதானமாகப் பார்க்க ஒரு முழுக் காலை வேண்டும்.

உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கும் அசெட்டசோலமைடு (டயமாக்ஸ்) மாத்திரை பற்றி அப்பாவின் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். வழக்கமான அளவு 125 மி.கி., காலை மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. ஆனால் சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம். அதுவும் சிறுநீரைக் கூட்டும் மருந்து, பிரஷர் மாத்திரையிலும் அந்த வகை உண்டு. எனவே நீங்களாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பா சில நிமிடத்துக்குத்தான் வரும். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவென்றும் பார்க்காமல் கீழே இறக்குங்கள். காசாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

பார்லிவயல்:
வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். பெரும்பாலும் உலர் கழிப்பறைதான். மேல்தளத் தரையில் ஒரு ஓட்டை, கீழே ஒரு அறை, பக்கத்தில் மண்ணும் சாம்பலும் குவித்து ஒரு மண்வாரி. போனபின் இரண்டு வாரி மண் தள்ள வேண்டும். அதில் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் மக்காமல் நாறும். மக்கியதுதான் அவர்கள் வயலுக்கு உரம். நம் ஆட்கள் பழக்கதோஷத்தில் ஒரு சொம்பு ஊற்றிவிடுகிறார்கள். கழுவிக்கொள்ள வேறு இடம் எது என்று வீட்டம்மாவிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஈரத்துணித் தாள், நாப்கின் எதையும் உள்ளே போடாமல் பையில் கட்டி ஊருக்கே எடுத்து வந்துவிடுங்கள்.

குந்தித்தான் உட்கார வேண்டும், அம்மாவுக்கு அது கஷ்டம். மடக்கும் கமோடு நாற்காலி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டைக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாடு சோறு, பருப்பு, பச்சைப் பட்டாணி, ரொட்டி, துக்பா (நூடுல்ஸ் சூப்). அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. அதனால் 'சட்டென்று ஒரு சாம்பார்' என்று கேட்காதீர்கள். பருப்புப்பொடியும் ஊறுகாயும் கொண்டுபோனால் போதும். உப்பும் வெண்ணெயும் போட்ட டீ தருவார்கள். குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதுமென்றால் கோப்பையை நிறைந்தபடியே விட்டுவிட்டு, எழுந்திருக்கும்போது குடித்து முடியுங்கள்.

சமையலறைதான் குடும்பம் கூடும் இடம். அடுப்புக்கு அருகே பெரியவர்கள் உட்காருவார்கள், அவர்கள் காட்டும் இடத்தில் உட்காருங்கள். அடுப்பில் குப்பை போடுவது அவர்களுக்குத் தீட்டு. மணி கல் (மந்திரம் செதுக்கிய கல்) சுவர்களைக் கடக்கும்போது கோயிலைச் சுற்றுவதுபோல் வலமாகப் போக வேண்டும், அது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செப்டம்பரில் அறுவடை வேலை இருக்கும், பகலில் வீட்டில் ஆள் இல்லாமல் போகலாம். மதியச் சாப்பாடு வேண்டுமா என்பதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

தெற்குக்காற்று:
ரொம்ப நன்றி. கல்பா வழியாகவே மாற்றிவிடுகிறோம். வீட்டை முன்பதிவு செய்ய வேண்டுமா? பணம் எப்படி?

நெடுவழி:
காசா போனபின் கேட்டாலே கிடைக்கும். பேசும்போது ஆளுக்கு எவ்வளவு, அதில் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்தியா என்று இரண்டையும் கேளுங்கள். டெமுல் கிராமத்துக்குப் போனால் நீங்களாக வீடு தேர்ந்தெடுக்க முடியாது. அங்கே விருந்தாளியை முறைவைத்து வீட்டுக்கு வீடு அனுப்புகிறார்கள், வருமானம் எல்லா வீட்டுக்கும் போகட்டும் என்று. நல்ல ஏற்பாடு, முடிந்தால் ஒரு இரவு அங்கே தங்குங்கள்.

காசா ஏடிஎம்மை நம்பாதீர்கள். முழுச் செலவுக்கும் ரொக்கம் சிம்லாவிலேயே எடுங்கள், 100, 200 தாள்களாக.

பனிச்சாலை:
திரும்பும் வழிக்கு ஒன்று. காசாவில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், குன்சும் வழியில் பங்க் கிடையாது. அந்த வழியில் பட்டால், கிராம்ஃபு என்ற இடங்களுக்கு இடையே ஓடைகள் சாலை மேலேயே ஓடும். வெயில் ஏற ஏற பனி உருகி மதியத்துக்குமேல் தண்ணீர் கூடிவிடும். விடியலிலேயே கிளம்பி மதியத்துக்குள் தாண்டிவிடுங்கள். முந்தைய நாள் மாலை காசா டாக்சி ஸ்டாண்டில் கணவாய் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மூடியிருந்தால் வந்த வழியே சிம்லாவுக்கு இறங்க இரண்டு நாள் பிடிக்கும், அதற்கேற்ப விமான டிக்கெட்டுக்கு ஒரு நாள் இடைவெளி விட்டுப் போடுங்கள்.