வளாகத்தில் குருத்தணுக் கொடையாளரைப் பதிவுசெய்வது: மாணவர்களிடம் எதைச் சொல்ல வேண்டும்?

கேள்வி: கோணேசபுரி மாணவி

திருகோணமலை வளாகத்தில் மூன்றாம் ஆண்டில் படிக்கிறேன். இரத்ததான முகாம்களை நடத்தும் எங்கள் மாணவர் குழு, அடுத்த முகாமின்போது ஒரு கொடையாளர் பதிவகத்தின் அனுமதியுடன் சில குருதிநோயாளரின் சிகிச்சைக்காக, குருதியணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களைக் கொடுக்க முன்வருவோரையும் பதிவுசெய்ய விரும்புகிறது. இரத்ததானத்துக்கு ஆள் சேர்ப்பதில் எங்களுக்குச் சிரமம் இருந்ததில்லை. இந்தக் கொடையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் நிலைமை மாறிவிட்டது. முள்ளந்தண்டில் ஊசி ஏற்றுவார்கள், பிறகு நடக்க முடியாமல் போகும் என்று விடுதியில் யாரோ சொன்னதைப் பலர் நம்புகிறார்கள். பதிவுக்காகக் கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணி உடனே பெயர் தருபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இவர்களைப் பற்றியே கூடுதல் கவலை. முதலாம் ஆண்டு மாணவர்களை மொத்தமாக அழைத்து வந்தால் எண்ணிக்கை கூடும் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். தொண்டர்களாக நிற்கும் நாங்கள் எதை, எவ்வளவு விளக்க வேண்டும்?

பதில் 1: குருதிநோய் விடுதியில் பணியாற்றிய தாதி

தங்கைக்கு, முள்ளந்தண்டு பற்றிய அச்சம் முற்றிலும் தவறானது. குருத்தணுக்கள் இருக்கும் என்பு மச்சை, அதாவது எலும்புக்குள் உள்ள மென்மையான பகுதி, எடுக்கப்படுவது இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து. கொடையாளர் அப்போது முழு மயக்கத்தில் இருப்பார். பின்னர் சில நாட்களுக்கு இடுப்பில் நோவும் உடலில் களைப்பும் இருக்கும், எடுத்த மச்சையைச் சில வாரங்களில் உடல் மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும். இன்று பெரும்பாலான கொடைகளில் இந்த முறையும் தேவைப்படுவதில்லை. குருத்தணுக்களை மச்சையிலிருந்து குருதிக்குள் வரச்செய்யும் ஒரு மருந்தை நான்கைந்து நாட்கள் தோலுக்கடியில் ஊசியாக ஏற்றுவார்கள். அதன் பின்னர் ஒரு கையிலிருந்து எடுக்கப்படும் குருதி இயந்திரத்துக்குள் சென்று, குருத்தணுக்கள் பிரிக்கப்பட்டபின் மறு கையின் வழியாக உடலுக்குத் திரும்பும். இதற்குப் பல மணிநேரம் படுத்திருக்க வேண்டும். ஊசி ஏற்றும் நாட்களில் எலும்பு நோவும் தலைவலியும் வருவது வழமை. இதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் பின்னர் தெரிந்துகொள்பவர் உங்கள் மற்றச் சொற்களையும் நம்பமாட்டார்.

இங்கே பொருந்த வேண்டியது இரத்த வகையன்று. ஆறாவது நிறமூர்த்தத்திலுள்ள பரம்பரையலகுகள் தீர்மானிக்கும் எச்.எல்.ஏ. வகையே, அதாவது தன் அணு எது, பிறர் அணு எது என்று உடல் அறிய உதவும் அடையாளங்களே, பொருந்த வேண்டும். உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று மாத்திரமே. வீட்டில் யாரும் பொருந்தாவிட்டால் உலகப் பதிவேடுகளில் தேட வேண்டியதுதான். அவற்றில் 4 கோடிக்கு மேற்பட்டோர் பதிவாகியிருந்தாலும் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி. பொருத்தமோ பெரும்பாலும் ஒரே வம்சாவளியினரிடையே கிடைப்பது. தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் சேர்ந்து படிக்கும் உங்கள் வளாகத்தில் இந்த வேலை நடப்பது அதனால்தான் பெறுமதியானது.

உடனே பெயர் தருபவர்களிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். கொடையாளரின் குருத்தணுக்களை நோயாளிக்கு ஏற்றும் மாற்றுச் சிகிச்சைக்கு முந்தைய நாட்களில் கடும் மருந்துகளால், சிலருக்குக் கதிர்வீச்சாலும், நோயாளியின் சொந்த மச்சை அழிக்கப்படுகிறது. அந்தக் கட்டத்தில் கொடையாளர் பின்வாங்கினால் நோயாளியின் உயிரே போகலாம். விலகும் உரிமை கொடையாளருக்கு எப்போதும் உண்டு; ஆனால் விலக விரும்புபவர் அதற்கு முன்பே விலகிவிட வேண்டும்.

பதில் 2: உப்புவெளியைச் சேர்ந்தவன், பிரித்தானியாவில் படித்தவன்

உலகின் முதலாவது கொடையாளர் பதிவகத்தை 1974 இல் லண்டனில் ஷெர்லி நோலன் தம் மகன் ஆன்டனிக்காகத் தொடங்கினார். பொருத்தமான கொடையாளர் கிடைக்காமலே அந்தச் சிறுவன் 1979 இல் இறந்தான். அந்தப் பதிவகத்துக்கு ஆள் சேர்க்கும் மாணவர் அமைப்பு 1998 இல் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவானது. மாணவனாக இருந்தபோது அத்தகைய மேசைகளில் நானும் நின்றிருக்கிறேன். அங்கே நான் கற்றுக்கொண்டது, படிவத்தை நீட்டுவதற்கு முன் கேள்விகள் கேட்க வேண்டும் என்பதே. ஒரு நோயாளிக்கு நீங்கள் பொருந்துகிறீர்கள் என்ற அழைப்பு ஒருபோதும் வராமலிருக்கலாம், அல்லது சில ஆண்டுகள் கழித்து, நீங்கள் வேலைக்குப் போய்த் திருமணமும் முடித்திருக்கும்போது வரலாம், அப்போதும் சம்மதிப்பீர்களா என்று கேட்போம். யாருக்கு என்று தெரியாமலே கொடுக்க மனம் வருமா என்றும் கேட்போம். தயங்குபவரை வற்புறுத்தமாட்டோம்.

முதலாம் ஆண்டு மாணவர்களை மொத்தமாக அழைத்து வரும் யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சிரேஷ்ட மாணவர் ஒருவர் கனிஷ்ட மாணவரிடம் எதையேனும் கேட்டால், அது எவ்வளவு பணிவாகக் கேட்கப்பட்டாலும், கட்டளையாகவே காதில் விழும். அப்படிக் கையொப்பமிட்டவர் அழைப்பு வரும் நாளில் தொலைபேசியை எடுக்கமாட்டார். பதிவேட்டில் பெயரைக் கண்டு நம்பிக்கை கொண்ட குடும்பம் அப்போது என்ன செய்யும்? முதலாம் ஆண்டினர் விரும்பினால் தாமாக வரட்டும்; அவர்களோடு பேசுபவர் அவர்களின் சொந்த வகுப்பைச் சேர்ந்தவராக இருக்கட்டும்.

பதில் 3: கிண்ணியாவிலிருந்து ஒரு தகப்பன்

மகள், என் இளைய பிள்ளைக்குத் தலசீமியா என்ற பரம்பரைக் குருதிநோய். அவனுக்கு ஒழுங்காகக் குருதி ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முன்பின் அறியாதவர்கள் தரும் குருதியால்தான் அவன் பாடசாலைக்குப் போகிறான். மூத்த பிள்ளைகள் இருவரையும் பரிசோதித்தோம், இருவருமே பொருந்தவில்லை. என் நிலையில் இருப்பவன் எல்லோரும் பதிவுசெய்ய வேண்டும் என்றுதான் கேட்பேன் என நீங்கள் நினைக்கலாம். ஆனால் மனமில்லாதவரின் பெயர் எங்களுக்கு வேண்டாம். கிடைத்துவிட்டது என்று சொல்லிப் பின்னர் இல்லை என்பதைவிட, தொடக்கத்திலேயே இல்லை என்பதை எங்களால் தாங்க முடியும். விளக்கத் தாளைத் தமிழிலும் சிங்களத்திலும் தயவுசெய்து கொடுங்கள்; ஆங்கிலத் தாளில் பலர் வாசிக்காமலே கையொப்பமிடுவார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குழுவினருக்கு இவை அனைத்தையும் வாசித்துக் காட்டினேன்; மொத்தமாக அழைத்து வரும் யோசனை கைவிடப்பட்டது. விளக்கத் தாளை முகாமுக்கு ஒரு கிழமைக்கு முன்பே இரு மொழிகளிலும் விடுதிகளில் கொடுப்போம். மாணவர்கள் அதை வீட்டாரோடு பேசிவிட்டு வரட்டும். பதிவு மேசையை இரத்ததானக் கட்டில்களுக்கு அருகில் வைக்காமல் வேறோர் அறையில் வைக்கிறோம், இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் வராதிருக்க. தொலைபேசி இலக்கம் மாறினால் பதிவகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் தாளில் சேர்த்திருக்கிறோம். தாதி அக்கா, முகாமுக்கு முன் ஒரு மாலையில் எங்கள் தொண்டர்களோடு பேசக் கோணேசபுரிக்கு வர இயலுமா?