பிளான் – ஆக்சுவல் கிராஃப்: இந்த வாரத்துக்கு அப்புறம் கோடு தரையில் விழுகிறது

பாலக்கோடு_சைட்:
வணக்கம். 12 கி.மீ. குடிநீர்க் குழாய், ஒரு மேல்நிலைத் தொட்டி. மொத்தம் 20 வார வேலை, இப்போது 10-வது வாரம். எக்செல்லில் திட்டம் ஒரு கோடு, நடந்தது ஒரு கோடு. இரண்டு சிக்கல். நடந்த கோடு 10-வது வாரத்துக்கு அப்புறம் நேரே பூஜ்ஜியத்துக்கு இறங்குகிறது; இஃப் ஃபார்முலா போட்டு, இன்னும் வராத வாரங்களுக்கு "" (காலி) கொடுத்தும் நிற்கவில்லை. அடுத்தது சதவீதம். பள்ளம் 8 கி.மீ., குழாய் 6 கி.மீ., தொட்டி 10%, டெஸ்டிங் 0. நான்கையும் சதவீதமாக்கி, கூட்டி நான்கால் வகுத்தால் 31.7% வருகிறது. சைட்டைப் பார்த்தால் அதைவிட அதிகம் முடிந்த மாதிரி இருக்கிறது.

ஷீட்_ஓசூர்:
"" என்பது காலி செல் இல்லைங்க, எழுத்து. லைன் சார்ட் எழுத்தைப் பூஜ்ஜியமாகத்தான் வரையும். அந்த இடத்தில் என்ஏ() (NA, 'மதிப்பு இல்லை' என்று சொல்லும் ஃபங்ஷன்) கொடுங்கள், கோடு அங்கேயே நின்றுவிடும்.

எப்போது என்ஏ கொடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "இந்த வாரம் எதுவும் எழுதவில்லை என்றால் என்ஏ" என்று போடாதீர்கள். பொங்கல் வாரத்தில் வேலையே நடக்காவிட்டால் கோடு படுக்கையாகப் போக வேண்டும், அறுந்து போகக் கூடாது. ஜி1 செல்லில் நிலவரத் தேதியை (எந்தத் தேதி வரைக்கும் கணக்கு என்பதை) எழுதுங்கள். ஏ-வில் வாரக் கடைசித் தேதி, டி-யில் அதுவரை முடிந்ததன் கூட்டுத் தொகை இருந்தால், சார்ட்டுக்கென்று தனியாக ஈ காலம் (column, நெடுவரிசை):

=இஃப்(ஏ5>$ஜி$1, என்ஏ(), டி5)

வேலை நடக்காத வாரத்துக்கு, அந்த வார வேலையை எழுதும் இடத்தில் 0 என்று எழுதுங்கள். வாராவாரம் ஜி1-ஐ மட்டும் மாற்றினால் போதும். செல்லில் #என்/ஏ தெரிவது கண்ணை உறுத்தினால் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் வெள்ளை எழுத்து கொடுத்துவிடலாம்.

தேதியையும் ஒருமுறை பாருங்கள். கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் இருந்தால் 05/08 மே 8 ஆகிவிடும். 13/08 தேதியாகவே ஏறாது, செல்லில் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். டேட்டா மெனுவில் உள்ள டெக்ஸ்ட் டு காலம்ஸில் டிஎம்ஒய் (நாள்-மாதம்-வருடம்) கொடுத்தால் அப்படி நிற்பவை சரியாகும். முன்பே மே 8 ஆகிப்போனதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

பில்லிங்_கிருஷ்ணகிரி:
சராசரி எடுப்பதுதான் தப்பு. டெஸ்டிங்கும் குழாயும் ஒரே எடையா? அக்ரிமென்ட் தொகையில் ஒவ்வொன்றின் பங்கை எடையாக வையுங்கள். பள்ளம் 25, குழாய் 45, தொட்டி 20, டெஸ்டிங் 10 என்று வைத்தால்: 16.7 + 22.5 + 2 + 0 = 41.2%. எடை ஒரு காலம், முடிந்த விகிதம் ஒரு காலம், இரண்டையும் வரிவரியாகப் பெருக்கிக் கூட்டும் சம்ப்ராடக்ட் ஒன்று போதும். எடை மொத்தம் சரியாக 100 வருகிறதா என்று பக்கத்துச் செல்லில் ஒரு கூட்டல் இருக்கட்டும்.

ஆனால் நம் பக்கத்தில் 41.2-ஐயும் அப்படியே நம்பக் கூடாது. முதலில் மண் ஓடும் இடத்தைத் தோண்டிவிட்டு, பாறையைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். 12 கி.மீ.யில் 3 கி.மீ. பாறை, பிரேக்கர் வைத்து உடைக்கும் ரேட் மண்ணைவிட மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் பாறைக்கும் மண்ணுக்கும் பாதிப்பாதி எடை. தோண்டிய 8 கி.மீ.யும் மண் என்றால் பள்ளம் 66.7% இல்லை, 44.4% தான். மொத்தம் 35.6% ஆகிவிடும். மண், பாறை இரண்டையும் தனி வரியாகப் பிரித்து, திட்டக் கோட்டையும் அதே எடையில் போடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஒப்பீடே பொய்.

லாரியில் வந்து இறங்கிய குழாயைப் பதித்ததாகக் கணக்கில் ஏற்றாதீர்கள். ஒரே வாரத்தில் கோடு எகிறும், அப்புறம் ஒரு மாதம் படுத்துக் கிடக்கும்.

பாலக்கோடு_சைட்:
ரொம்ப நன்றிங்க. பாறையைப் பிரித்துப் போட்டேன். 10-வது வாரத்துக்குத் திட்டம் 48, நடந்தது 35.6. எத்தனை வாரம் பின்தங்கியிருக்கிறோம் என்று கேட்கிறார்கள். திட்டத் தேதிகளைத் தள்ளி வைத்துவிடலாமா?

ஷீட்_ஓசூர்:
பழைய திட்டத்தைத் தொடவே தொடாதீர்கள். அந்தத் திட்ட நெடுவரிசையைக் காப்பி செய்து பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் மட்டும் (ஃபார்முலா இல்லாமல் எண்களை மட்டும்) ஒட்டிப் பூட்டிவிடுங்கள். திருத்திய திட்டம் மூன்றாவது கோடாக, புள்ளிக் கோட்டில் வரட்டும். தேதியை ஃபார்முலாவோடு நகர்த்தினால் பழைய கோடும் சேர்ந்து நகர்ந்து, தாமதமே இல்லாத மாதிரி காட்டும்.

வாரக் கணக்குக்கு மேலிருந்து கீழே பார்க்காதீர்கள், இடமிருந்து வலமாகப் பாருங்கள். 35.6-ஐத் திட்டம் எந்த வாரத்தில் தொட்டது? மேட்ச் ஃபங்ஷனில் கடைசியில் 1 கொடுத்துத் தேடினால் 35.6-க்கு மிகாத கடைசி வாரம் வரும். உங்கள் திட்டத்தில் 7-வது வாரம் 33, 8-வது வாரம் 38 என்று இருந்தால், 7 + 2.6/5 = 7.5. ஆக இரண்டரை வாரம் பின்னால்.

பில்லிங்_கிருஷ்ணகிரி:
அதோடு 35.6/48 = 0.74 என்ற விகிதத்தையும் கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் அதை மட்டும் கொடுக்காதீர்கள். வேலை எவ்வளவு தாமதமாக முடிந்தாலும் கடைசியில் அது 1-க்கு வந்து நின்றுவிடும்.