பறவைக் காய்ச்சலும் ஒருநாள் குஞ்சுத் தட்டுப்பாடும்

கேள்வி (மூதூர்): வணக்கம். பின்வளவில் சிறிய அளவில் முட்டைக்கோழி வளர்க்கிறேன். பறவைக் காய்ச்சல் எங்கோ வெளிநாட்டில் பரவினாலும், இங்கே முகவரிடம் ஒருநாள் குஞ்சு கிடைக்காமற் போவது ஏன்?

பதில் (கந்தளாய்): ஐயா, பொரிப்பகங்கள் விற்கும் கலப்பினக் குஞ்சுகளைத் தரும் தாய், தந்தைக் கோழிகள் குஞ்சுகளாக வெளிநாட்டிலிருந்து வருபவை. நோய் கண்ட நாட்டிலிருந்து இறக்குமதி நிறுத்தப்பட்டால் தாய்க்கோழிகள் குறையும். ஒரு தாய்க்கோழி பொரிக்கத்தக்க முட்டையிட ஏறக்குறைய 24 வாரங்களும், அம்முட்டை பொரிக்க 21 நாட்களும் செல்வதால், இன்றைய தடையின் பாதிப்பு அரையாண்டு கழித்தே நம் வாசலுக்கு வருகிறது. அப்போது இருக்கும் குஞ்சுகளைப் பெரிய பண்ணைகள் மொத்தமாக முன்பதிவு செய்துவிடுகின்றன. ஐம்பது குஞ்சு கேட்பவருக்கு மிச்சமே கிடைக்கும். இது மிகவும் அநீதியானது.

கேள்வி (மூதூர்): அப்படியானால், வாகனத்தில் கொண்டுவந்து விற்பவரிடம் வாங்கலாமா?

பதில் (தம்பலகாமம்): தயவுசெய்து வேண்டாம். எந்தப் பொரிப்பகத்துக் குஞ்சு, முதல்நாள் மரெக்ஸ் (கோழிகளை முடமாக்கும் வைரஸ் நோய்) தடுப்பூசி போடப்பட்டதா என்று சொல்ல இயலாதவரிடம் வாங்காதீர்கள். குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள்: தொப்புள் காய்ந்து மூடியிருக்க வேண்டும், கால்கள் பளபளப்பாக இருக்க வேண்டும். பறவைக் காய்ச்சலைச் சுமந்துவரக்கூடிய வலசைப் பறவைகள் நம் களப்புகளுக்கு வரும் ஒக்டோபர் முதல் மார்ச் வரை, கோழிகளை வாத்துகளுடன் சேர்க்காமல், தீனியையும் தண்ணீரையும் மூடிய கூட்டுக்குள்ளேயே வையுங்கள். திடீரெனப் பல கோழிகள் இறந்தால், ஒன்றையும் அறுக்காமல் அன்றே அரச கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள்.