டூ ஸ்ட்ரோக் ஆயில் மாற்றுவது பற்றி உதவி தேவை (ஸ்னோமொபைல் என்னும் பனி வண்டி)

வணக்கம். கனடாவில், ஒண்டாரியோவின் டிம்மின்ஸில் இருக்கிறேன். வண்டி 2012 ஸ்கி-டூ ஸ்கேண்டிக்: 550 ஃபேன் கூலிங் எஞ்சின், இரண்டு கார்புரேட்டர், ஆயிலுக்குத் தனி டாங்க், பம்ப். போன மாதம் பழையதாக வாங்கினேன். டாங்கில் பாதி ஆயில் கிடந்தது. என்ன ஆயில் என்று விற்றவருக்கே தெரியவில்லை.

மைனஸ் 30 குளிரில் ஸ்டார்ட் செய்தால் புகை மண்டுகிறது, அடங்க வெகுநேரம் ஆகிறது. பிளக் இரண்டிலும் கறுப்புப் பிசுக்கு. சூடேறிவிட்டால் ஓட்டத்தில் குறை இல்லை.

பிளக் மாற்றினேன், கார்புரேட்டரைச் சுத்தம் செய்தேன். ஆயில் அளவைக் கட்டுப்படுத்தும் பம்ப் கேபிளின் குறியும் சரியாகத்தான் பொருந்துகிறது. சரி, ஃபுல் சிந்தெடிக்குக்கு மாறலாம் என்று ஜேசோ எஃப்டி என்ற ஜப்பானியத் தரத்தில் ஒன்று வாங்கினேன். (படகு மோட்டாருக்கான டிசி-டபிள்யூ3 வேண்டாம் என்பதில் தெளிவாக இருக்கிறேன். அது தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கு. ஃபேன் எஞ்சினின் சூட்டுக்கு ஆகாது.)

ஊற்றுவதற்கு முன் பழையதையும் புதியதையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதிப் பாதி கலந்து இரவு வெளியே வைத்தேன். காலையில் அடியில் ஜவ்வரிசிக் கூழ் மாதிரி கட்டி. சாய்த்தால் நூல் நூலாக இழுத்தது. புது ஆயிலை மட்டும் வைத்த புட்டியில் அப்படி எதுவும் இல்லை.

டாங்கை சிரிஞ்சால் உறிஞ்சிக் காலி செய்துவிட்டேன். ஆனால் குழாய், ஃபில்டர், பம்புக்குள் பழையது இருக்குமே. வண்டியை இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை.

ஃபில்டரையும் குழாயையும் மாற்றி, பம்பில் சிக்கிய காற்றை வெளியேற்றி, முதல் டாங்க் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி புது ஆயில் கலந்து ஓட்டினால் போதுமா, இல்லை பம்பைக் கழற்றிக் கழுவியே ஆகவேண்டுமா?