புதுப்பிப்பு: 9-ஐ ஏற்க மறுத்த மாத எண் நிரல்

1 முதல் 12 வரை மட்டும் வாங்க வேண்டிய என் பைதான் நிரல் 9-ஐயே தள்ளிவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. தட்டியதை வாங்கும் இன்புட் தருவது எண் அல்ல, சரம் (எழுத்துகளின் தொடர்). எல்லைகளும் மேற்கோளுக்குள் இருந்ததால் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டிருக்கிறது; '9' முதல் எழுத்திலேயே '12'-ஐ முந்திவிடும். சரத்தை எண்ணாக்கும் இன்ட் போட்டு, மேற்கோள்களை எடுத்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம், தவறான எண்ணைத் தள்ள (மா என்பது தட்டிய மாத எண்) 'மா < 1 அண்ட் மா > 12' என்று எழுதச் சொன்னவருக்கு: எந்த எண்ணும் இரண்டுக்கும் பொருந்தாது, 13 தாராளமாக உள்ளே வரும். அங்கே 'ஆர்' தான் வேண்டும்.

'1 <= மா <= 12' பைதானில் அழகாக ஓடும். சி மொழியில் அதே வரி எப்போதும் உண்மைதான்: முதல் ஒப்பீடு தருவது 0 அல்லது 1, இரண்டுமே 12-க்குக் கீழ்!

'மார்ச்' என்று தட்டினால் அதை எண்ணாக்க முடியாமல் இன்னும் வேல்யூஎரர் என்ற பிழை வருகிறது. அதற்கு, பிழையைப் பிடித்துச் சமாளிக்கும் ட்ரை-எக்செப்ட் சேர்க்க வேண்டும்.