சுங்கை சிப்புட்டில் பழைய அமல்கம் கழிவு: யார் எடுத்துக்கொள்வார்கள்?

கடந்த மார்ச்சில், மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில், ஓய்வு பெற்ற மருத்துவரிடமிருந்து ஒரு சிறிய பல் கிளினிக்கை வாங்கினேன். இரண்டே நாற்காலிகள். அலமாரியின் அடியில் மூடி இறுகிய 3 கண்ணாடிப் புட்டிகள் கிடைத்தன. உள்ளே பல் அடைத்தபோது மிஞ்சிய அமல்கம் (பாதரசம் கலந்த உலோக அடைப்பு) துண்டுகளும் அமல்கம் ஒட்டிய பிடுங்கிய பற்களும். மொத்தம் 2 கிலோ இருக்கும். அதில் ஏறத்தாழப் பாதி பாதரசம்.

நான் புதிதாக அமல்கம் வைப்பதில்லை. ஆனால் தோட்டங்களில் பால்மரம் சீவி ஓய்ந்த முதியவர்களின் வாயில் பழைய அடைப்புகள் ஏராளம். வாரம் ஒன்றிரண்டையாவது கடைந்தெடுக்க வேண்டியிருக்கிறது. உறிஞ்சு குழாயில் வெறும் வலைவடிகட்டிதான் இருந்தது. ஐஎஸ்ஓ 11143 தரத்தில் அமல்கம் பிரிப்பான் வாங்கிப் பொருத்திவிட்டேன். அதன் கலனும் நிரம்பப் போகிறது.

மருத்துவக் கழிவு வண்டியில் போட மாட்டேன். அந்தக் கழிவை எரிப்பார்கள்; எரித்தால் பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலக்கும். மலேசியச் சட்டம் பட்டியலிட்ட அபாயக் கழிவுகளில் இதன் குறியீடு எஸ்டபிள்யூ 109 (பாதரசக் கழிவு), 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஈப்போவிலிருந்து வரும் ஒரு சேகரிப்பு நிறுவனம் 2 கிலோவுக்கு லாரி அனுப்ப முடியாது என்றது. இன்னொன்று கேட்ட தொகைக்குப் புது உறிஞ்சு மோட்டாரே வாங்கலாம். பிரிப்பான் விற்றவர் கலனைத் திரும்பப் பெறுவதில்லையாம் (விற்கும்போது இதைச் சொல்லவில்லை).

பேராக்கில் இவ்வளவு சிறிய அளவு எஸ்டபிள்யூ 109 கழிவை எடுத்துச் செல்லும் உரிமம் பெற்ற நிறுவனம் எது?