அலாஸ்கா டிரையாஸ்: இலையை வைத்து எப்படிப் பிரிப்பது?

வணக்கம். ஜூன் கடைசியில் அலாஸ்காவின் ஈகிள் சம்மிட் மலைப்பக்கம் எடுத்த படங்களோடு ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். குளிர்ப் பிரதேசத்தில் தரையோடு படரும் பூச்செடியான டிரையாஸ் ஆக்டோபெடலா என்பதில் சந்தேகமில்லை. எட்டு வெள்ளை இதழ், விளிம்பு நெளிந்த இலை, அடிப்பக்கம் வெளுப்பு. சிக்கல் அதற்குக் கீழே, துணையினத்தில், அதாவது அந்த இனத்துக்குள் வரும் உட்பிரிவில்.

காற்று அடிக்கும் மேட்டில் இருந்தவை சின்ன இலையோடு தரையோடு ஒட்டிக் கிடந்தன. பனி தாமதமாக உருகும் பள்ளத்தில் இருந்தவற்றுக்கு இலை நன்றாகப் பெரிது. முதலாவது ஆக்டோபெடலா துணையினம், இரண்டாவது அலாஸ்கென்சிஸ் துணையினம் என்று வைத்துக்கொண்டேன். சரி, ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டை இருக்கிறதே, அங்கேதான் குழம்பிவிட்டேன். நடுத்தர அளவு இலைகள், இரண்டு பக்கமும் சேராதவை.

இலையின் அளவை நம்பத் தயக்கமாக இருக்கிறது. ஈரமும் நிழலும் கிடைத்தால் ஒரே செடியே பெரிய இலை விடும். ஆனாலும் அலாஸ்காவின் ஈகிள் கிரீக்கில் இரண்டு துணையினங்களையும் இடம் மாற்றி நட்டுப் பார்த்த ஆய்வில், சொந்த இடத்துச் செடிகளே நன்றாகத் தாக்குப்பிடித்தன. ஆக வேறுபாடு பிறவியிலேயே இருக்கிறது, அதைக் கண்ணால் பிடிப்பதுதான் கஷ்டம்.

இலையின் அடியில், நடுநரம்பின் மேல் இறகு போல் கிளைத்த பழுப்பு முடிகள் இருக்கின்றனவா, சுரப்பிகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறார்கள். என் படங்கள் எல்லாம் மேலிருந்து எடுத்தவை, அதுதான் வருத்தம். அடுத்த முறை கை லென்ஸோடு போகிறேன். நடுப்பட்டைச் செடிகளில் இந்த முடிகளை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அவை இரண்டு துணையினங்களின் கலப்பினம் என்றால், முடி, சுரப்பி இரண்டும் சேர்ந்தே வருமா? காய்ந்த பழைய இலையில் பார்த்தாலும் போதுமா?